"பேசுமா?" என்று கேட்பதை விடுவோம்

செல்லப்பிராணிக் கடையில் கிளிக்கூண்டின் அருகே சற்று நேரம் நின்று பாருங்கள். வருகிறவர் தமிழராக இருக்கட்டும், மலாய்க்காரராக இருக்கட்டும், சீனராக இருக்கட்டும், கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இது பேசுமா?" விலையைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்கிறார்கள். எத்தனை ஆண்டு உயிர் வாழும், என்ன தின்னும், தனியாக இருந்தால் தாங்குமா என்னும் கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. கடைக்காரரிடமும் பதில் தயாராக இருக்கும். "பேசும், நல்லா பேசும். ஆனா ஒன்னுதான் வாங்கணும். ரெண்டு வாங்குனா அதுங்க ரெண்டும் தங்களுக்குள்ள பேசிக்கும், உங்ககிட்ட பேசாது." வாங்குகிறவரும் தலையாட்டிவிட்டு ஒற்றைக் கிளியோடு வீடு போய்ச் சேருவார்.

கடைக்காரர் சொன்னது பொய்யன்று. அதுதான் என்னை உறுத்துகிறது. துணை இருந்தால் கிளிக்கு நம் பேச்சு தேவைப்படாது. துணையைப் பறித்தால் நம் பேச்சைக் கற்றுக்கொள்ளும். அப்படியென்றால் நாம் காசு கொடுத்து வாங்குவது கிளியையா, அதன் தனிமையையா? கிளி வளர்க்கவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. பேச்சுக்காகக் கிளி வளர்க்காதீர்கள் என்பதே என் வாதம்.

கிளியின் பேச்சின்மேல் நமக்குள்ள மோகம் இன்று நேற்று வந்ததன்று. மதுரை மீனாட்சியின் கையில் கிளி. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் தோளில் கிளி. அந்தக் கிளியை நாள்தோறும் புதிதாக இலைகளால் கட்டுகிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ வைக்கிறார்கள். அருணகிரிநாதர் கிளி உருவெடுத்தார் என்று திருவண்ணாமலையில் ஒரு கோபுரத்துக்கே கிளி கோபுரம் எனப் பெயர். தூது இலக்கியத்தில் அழகர் கிள்ளைவிடு தூது இருக்கிறது. இந்நாட்டிலும் இதே கதைதான். இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு 'ஹிக்காயாட் பாயான் பூடிமான்' பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. வீட்டை விட்டுப் போகத் துடிக்கும் ஒரு பெண்ணை இரவுக்கு ஒரு கதை சொல்லித் தடுத்து நிறுத்தும் கிளியின் கதை அது. சமஸ்கிருதத்தின் கிளிக்கதைகள் பாரசீகம் வழியாக மலாய் மொழிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆக, தமிழனும் மலாய்க்காரனும் கிளியைக் கண்டால் அதன் வாயைத்தான் பார்க்கிறோம்!

ஆனால், இவற்றுக்கெல்லாம் முற்பட்ட சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலத்தில் கிளி வேறு மாதிரி வருகிறது. அங்கே அது கூட்டமாக வந்து தினைக் கதிரைக் கொய்து போகும் திருடன். தலைவியும் தோழியும் பரண்மேல் இருந்து தட்டையும் குளிரும் ஒலித்து அதை விரட்டுகிறார்கள். கிளி கடிதல் என்று அதற்கொரு பெயரே உண்டு. அந்தக் கிளிகளை யாரும் பேசச் சொல்லவில்லை. எனக்கு என்னவோ அந்தத் திருட்டுக் கிளிதான் உண்மையான கிளி என்று தோன்றுகிறது.

உண்மையான கிளி கூட்டத்தில் வாழும் பறவை. நாம் பச்சைக்கிளி என்று சொல்லும், கழுத்தில் வளையம் கொண்ட இனம், மாலையானால் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில், ஒன்றாக மரங்களில் அடையும். பறக்கும்போதும் இரை தேடும்போதும் ஒன்றையொன்று ஓயாமல் அழைத்துக்கொண்டே இருக்கும். "நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?" என்பதுதான் அந்த அழைப்பின் பொருள் எனலாம். வெனிசுவெலாவில் ஒருவகைச் சிறு கிளிகளை ஆராய்ந்தவர்கள் 2011-ஆம் ஆண்டில் ஓர் அழகான உண்மையை வெளியிட்டார்கள். கூட்டில் இருக்கும் குஞ்சு ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய அழைப்பொலி இருக்கிறது. அதைக் குஞ்சு பெற்றோரிடமிருந்து கற்றுக்கொள்கிறது. அதாவது, ஏறத்தாழ நாம் பிள்ளைக்குப் பெயர் வைப்பது போல! கிளிக்கு ஒலியைக் கற்கும் திறமை வந்தது மனிதனை மகிழ்விக்க அன்று. தன் கூட்டத்தில் தனக்கொரு இடம் பிடிக்கத்தான்.

இப்போது அந்தப் பறவையைத் தனியாக ஒரு கூண்டில் வைக்கிறோம். கூட்டம் இல்லை. இருப்பது நாம்தான். எனவே நம்மையே கூட்டமாக எண்ணி, நம் ஒலியைக் கற்றுக்கொண்டு நம்மை அழைக்கிறது. "அம்மா", "சாப்டியா", "ஹலோ" என்று அது சொல்லும்போது நாம் சிரித்துக் கைதட்டுகிறோம். அதுவோ "நீ எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

"சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை" என்று நாம் இளக்காரமாகச் சொல்வதும் முழு உண்மையன்று. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் ஆய்வாளர் அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியுடன் 1977 முதல் முப்பது ஆண்டுகள் வேலை செய்தார். ஏறத்தாழ ஐம்பது பொருள்களின் பெயர்களை அலெக்ஸ் அறிந்திருந்தது. நிறங்களையும் வடிவங்களையும் பிரித்துச் சொன்னது. ஆறு வரை எண்ணிக்கையைச் சரியாகக் கூறியது. 2007-இல் அது இறந்தபோது அதற்கு வயது 31. அதற்கு எப்படிக் கற்பித்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டவில்லை. கிளியின் முன்னால் இரண்டு மனிதர்கள் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் கேட்க மற்றவர் விடை சொல்லி, பொருளைக் கைமாற்றிக் காட்டினார்கள். அந்தப் பேச்சில் கலந்துகொள்ளும் ஆசையில் கிளி கற்றது. ஆளில்லாத வீட்டில் கைப்பேசியில் ஒரே சொல்லை நாள் முழுவதும் ஓட விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் உறவினர் வீடொன்றில் ஒரு பச்சைக்கிளி இருக்கிறது. அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் பள்ளியில் படித்த காலத்தில் அந்தக் கிளி தாமானிலேயே பேர்போனது. பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்தால் "ஸ்கூல் பஸ், ஸ்கூல் பஸ்" என்று கத்தும். கேட் திறக்கும் ஓசை கேட்டால் "யாரு?" என்று அதட்டும். பிறகு மூத்தவர் வேலைக்குச் சிங்கப்பூர் போனார், இரண்டாமவர் உயர்கல்விக்கு வடக்கே போனார், கடைசிப் பிள்ளையும் விடுதிக்குப் போனது. அடுத்த ஆண்டு தீபாவளிக்கு நான் போனபோது கிளியின் நெஞ்சில் இறகு இல்லை. வெறும் தோல் தெரிந்தது. தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டிருந்தது. அத்தை மருந்து வாங்கித் தடவிப் பார்த்தார், மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டிப் பார்த்தார். இறகைப் பிடுங்குவதற்கு ஊட்டக்குறை, ஒட்டுண்ணி, உள்நோய் எனப் பல காரணங்கள் உண்டு. மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்ட கேள்வி, "பகல்ல வீட்டுல யார் இருக்காங்க?" என்பதுதான். அந்தக் கிளி இன்றும் "ஸ்கூல் பஸ்" என்கிறது. அந்த வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகத்தான் யாரும் இல்லை.

சரி, இவ்வளவும் தெரிந்தும் கிளி வளர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஆயுளைக் கணக்கிடுங்கள். பட்ஜி எனப்படும் சிறு கிளி ஐந்து முதல் பத்தாண்டு வாழும். லவ்பேர்ட்ஸ் பத்துப் பதினைந்து ஆண்டு. கொக்கட்டியல் பதினைந்து, இருபது ஆண்டு. பச்சைக்கிளி நன்றாகப் பராமரித்தால் இருபத்தைந்து ஆண்டையும் தாண்டும். சாம்பல் கிளியும் மக்காவும் நாற்பது, ஐம்பது ஆண்டு வாழக்கூடியவை. இருபத்திரண்டு வயதில் ஒருவர் சாம்பல் கிளிக் குஞ்சை வாங்கினால், அவர் பணி ஓய்வு பெறும்போது அதுவும் உடன் இருக்கலாம். இடையில் வேலை, திருமணம், வாடகை வீடு, இடமாற்றம் எல்லாம் வரும். வரப்போகிறவருக்குக் கிளி பிடிக்குமா என்பது வேறு விஷயம்! நம் வயதுக்காரர்கள், குறிப்பாக விடுதியிலும் வாடகை அறையிலும் இருப்பவர்கள், பெரிய கிளியை நினைத்துப் பார்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுக்கும் வசதி இருப்பது வேறு, நாற்பது ஆண்டு கொடுக்க முடிவது வேறு.

என்னைக் கேட்டால், பட்ஜியோ கொக்கட்டியலோ இரண்டாக வாங்குங்கள் என்பேன். இரண்டும் கூண்டில் பிறந்து வளரும் இனங்கள். காட்டிலிருந்து பிடித்து வந்தவையா என்ற ஐயம் அநேகமாக வேண்டியதில்லை. கடைக்காரர் எச்சரித்தபடியே அவை உங்களிடம் அதிகம் பேசாமல் போகலாம். போகட்டுமே! ஒன்றின் தலையை மற்றொன்று கோதிவிடுவதையும், சண்டையிட்டுக்கொண்டு மறுநிமிடமே ஒட்டி உட்காருவதையும் பார்த்துக்கொண்டிருப்பது "ஹலோ" கேட்பதைவிட எவ்வளவோ மேல். குஞ்சு வேண்டாமென்றால் இரண்டையும் ஆணாக வாங்கலாம். கூடு வைக்கும் பெட்டியைக் கொடுக்காமலும் இருக்கலாம்.

வாங்கும் முன் காலைப் பாருங்கள். குஞ்சு பிறந்த சில நாள்களுக்குள்தான் மூட்டில்லாத முழு வளையத்தைக் காலில் மாட்ட முடியும். அப்படிப்பட்ட வளையம் அந்தப் பறவை வளர்ப்பிடத்தில் பிறந்தது என்பதற்கு நல்ல அடையாளம். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், காட்டுக் கிளிகள் மரப்பொந்துகளில் முட்டையிடுகின்றன. குஞ்சுகளை எடுக்க மரத்தையே வெட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பொந்து அழிந்தால் அடுத்த ஆண்டுக்குக் கூடில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இப்படியே அளவுக்குமீறிப் பிடிக்கப்பட்டதால், 2016-இல் 'சைட்டீஸ்' என்னும் பன்னாட்டு ஒப்பந்த நாடுகள் அதை மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலுக்கு மாற்றின. நம் நாட்டிலும் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2022-இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். எந்த இனத்துக்கு உரிமம் வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. "லைசன்ஸ் எல்லாம் வேணாம், யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று, கண்கூட முழுதாகத் திறக்காத குஞ்சை ஊசிக்குழாயோடு சேர்த்து விற்கும் பழக்கம். "நீங்களே ஊட்டுனா உங்ககிட்டயே ஒட்டிக்கும்" என்பார்கள். கூழ் சற்றுச் சூடு அதிகமானால் கழுத்தடியில் உள்ள தீனிப்பை வெந்து போகும். ஆறிப்போனால் செரிக்காமல் அங்கேயே புளிக்கும். தவறான பக்கம் செலுத்தினால் மூச்சுக்குழாயில் இறங்கிக் குஞ்சு செத்துவிடும். அனுபவம் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. தானாகக் கொறித்துத் தின்னப் பழகிய பறவையை மட்டுமே வாங்க வேண்டும். அதுவும் பழகும், கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.

பராமரிப்பு என்று வரும்போது, நம் தமிழ் வீடுகளுக்கே உரிய சில ஆபத்துகளை எந்தக் கடையிலும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறோம். ஊதுவத்தி கொளுத்துகிறோம். கொசுவத்திச் சுருள் இரவெல்லாம் புகைகிறது. பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உடலெங்கும் இருப்பதால் புகை அதை நம்மைவிட மிக விரைவாகப் பாதிக்கும். எல்லாவற்றிலும் கொடியது, ஒட்டாத பூச்சுப் பூசிய தோசைக்கல். அதை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனால், அளவுக்கு மீறிச் சூடாகி வெளிவரும் ஆவி வாசனையே தெரியாமல் சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். கிளி இருக்கும் வீட்டுக்கு இரும்புத் தோசைக்கல்தான் சரி. தோசையும் அதில்தான் மணக்கும். கூண்டைத் திறந்துவிடும்போது மின்விசிறி நின்றிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

உணவில் பெரும்பாலோர் சூரியகாந்தி விதையோடு நின்றுவிடுகிறார்கள். அது நமக்கு முறுக்கு மாதிரி. கொழுப்பு மிகுதி, வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். விதை மட்டுமே தின்று வளரும் கிளிக்கு ஈரல் கெடும், சளி பிடித்தால் விடாது. கீரை, முருங்கையிலை, கேரட், பூசணி, கொய்யா, கிடைத்தால் கோவைப்பழம், எல்லாம் கொடுக்கலாம். பச்சை மிளகாயும் கொடுக்கலாம். பறவைக்குக் காரம் உறைக்காது. அவக்காடோ, சாக்லேட், வெங்காயம் ஆகியவற்றைக் கண்ணில் காட்டக் கூடாது. "நம்ம கிளி தே தாரேக் குடிக்கும்" என்று பெருமை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேநீரில் இருப்பது அதற்கு நஞ்சு. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

தூக்கத்தை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. கிளிக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர இருட்டும் அமைதியும் வேண்டும். நாமோ கூண்டைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரவு பதினொன்றுவரை நாடகம் பார்க்கிறோம். மறுநாள் கிளி கடிக்கிறது, கத்துகிறது என்று புகார் வேறு! கத்தும் கிளியின் கூண்டைத் துணி போட்டு மூடுவார்கள், கம்பியைத் தட்டுவார்கள். நான் மேலே சொன்ன அழைப்பை நினைவில் வையுங்கள். பக்கத்து அறையிலிருந்து ஒருமுறை சீட்டியடித்துப் பதில் கொடுங்கள்; பெரும்பாலும் அடங்கிவிடும். அது கேட்டது அவ்வளவுதான். நாக்கின் மேல்தோலைச் சுரண்டினால் தெளிவாகப் பேசும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கிளியின் ஒலி பிறப்பது நாக்கில் அன்று, மூச்சுக்குழாயின் அடியில். சுரண்டுவது வெறும் கொடுமை.

எல்லாரும் பகலில் வெளியே போய்விடும் வீட்டைப் பற்றித்தான் இவ்வளவும் சொன்னேன். தாத்தா பாட்டி நாள் முழுதும் இருக்கும் வீட்டில் ஒற்றைக் கிளி மகிழ்ச்சியாகவே வாழ்கிறது. பாட்டி காய் நறுக்குவார், கிளி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டு கேட்கும். இருவருக்கும் பொழுது போகும். சோதிடக் கிளிகளைக்கூட நான் முழுதாகக் குறைசொல்ல மாட்டேன். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மணி என்ற கிளி, 2010 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின் கால் இறுதி ஆட்டங்களைச் சரியாகக் கணித்து உலகப் புகழ் பெற்றது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து என்று சீட்டெடுத்து ஏமாற்றியது! அந்தச் சிறிய பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை. ஆயினும், நாள் முழுதும் பக்கத்திலேயே ஒரு மனிதர் இருந்தார் என்ற அளவில், காலை ஏழு மணிக்குக் காலியாகி இரவு எட்டு மணிக்கு விளக்கெரியும் நம் அடுக்குமாடி வீட்டுக் கிளியைவிட அதற்குப் பேச்சுத்துணை அதிகம் என்பதை மறுக்க முடியவில்லை.

வளர்க்க முடியாமல் போனவர்கள் கூண்டைத் திறந்து பறக்க விடுவதைப் புண்ணியம் என்று எண்ண வேண்டாம். விதை தின்றே பழகியது காட்டில் பட்டினி கிடக்கும். பிழைத்துப் பெருகினாலோ, இம்மண்ணின் நீள்வால் கிளிகளோடு மரப்பொந்துக்குப் போட்டியிடும். சிங்கப்பூரில் வெளியிலிருந்து வந்து பெருகிய செம்மார்புக் கிளிகளால் அந்தக் கவலை ஏற்கனவே எழுந்திருக்கிறது.

அதற்கு மாறாக, கைமாறும் கிளிகளை எடுத்து வளர்க்க ஆள் தேவைப்படுகிறது. குடிபெயர்கிறவர்கள், குழந்தை பிறந்தவர்கள், முதியவரை இழந்த வீட்டார் எனப் பலர் வளர்ந்த கிளியை யாரிடமாவது ஒப்படைக்கக் காத்திருக்கிறார்கள். பகலில் ஆளிருக்கும் வீடு என்றால், குஞ்சு தேடிக் கடைக்குப் போகும்முன் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வளர்ந்த கிளி புது வீட்டில் முதல் சில வாரங்கள் சரியாகத் தின்னாமல் இருக்கலாம். பழைய கூண்டையும் பழைய தீனியையும் சேர்த்தே வாங்கி வந்து மெல்ல மாற்ற வேண்டும். செர்டாங் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையிலோ, பறவை பார்க்கத் தெரிந்த வேறு மருத்துவரிடமோ ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. நீங்கள் சொல்லிக்கொடுப்பதை அது கற்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பல மாதங்கள்வரை அது முன்னிருந்த வீட்டாரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். கூப்பிடட்டும். நீங்கள் பதில் கொடுங்கள்.